மைனஸ் பத்தில் உறையும் நீர்: என் கணக்கில் மொத்த என்ட்ரோபி மாற்றம் ஏன் பூஜ்யமாக வருகிறது?

கூழாங்கல் எழுதியது:

இரண்டு நாளாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது கைகொடுங்கள்.

ஒரு மோல் நீர், மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள பெரிய தொட்டியும் அதே மைனஸ் 10 டிகிரியில் இருக்கிறது. பாத்திரத்தை லேசாகத் தட்டியதும் நீர் உறையத் தொடங்கி, கடைசியில் முழுவதும் மைனஸ் 10 டிகிரிப் பனிக்கட்டியாகிவிடுகிறது. நீரின் என்ட்ரோபி மாற்றம், சூழலின் என்ட்ரோபி மாற்றம், இரண்டின் கூட்டுத்தொகை மூன்றையும் காண வேண்டும்.

கொடுத்திருப்பவை: 0 டிகிரியில் பனிக்கட்டி உருகத் தேவையான வெப்பம் மோலுக்கு 6008 ஜூல். வெப்ப ஏற்புத்திறன் நீருக்கு 75.3, பனிக்கட்டிக்கு 37.7. இரண்டும் ஒரு மோலை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான ஜூல்.

நான் செய்தது: மைனஸ் 10 இல் வெளிவரும் வெப்பம் 6008 − (75.3 − 37.7) × 10 = 5632 ஜூல். வெப்பநிலை 263.15 கெல்வின். வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம், ஆகவே நீர் இழந்த என்ட்ரோபி 5632 ÷ 263.15 = 21.40 (கெல்வினுக்கு ஜூல்). சூழல் பெற்றதும் அதே 21.40. கூட்டினால் பூஜ்யம்.

விடைப் பகுதியில் +0.81 என்று போட்டிருக்கிறது. மொத்தம் பூஜ்யம் என்றால் அது மீள் செயல்முறை, அதாவது சுவடே இல்லாமல் பின்னோக்கியும் நடத்தக்கூடியது. தட்டியவுடன் உறையும் நீர் மீளக்கூடியது என்று எனக்கே தோன்றவில்லை. ஆனால் என் வரிகளில் பிழையும் கண்ணில் படவில்லை.

நள்ளிரவு எழுதியது:

கெல்வினில் போட்டீர்களா?

கூழாங்கல் எழுதியது:

263.15 என்று எழுதியிருக்கிறேனே!

நள்ளிரவு எழுதியது:

மன்னிக்கவும், கைப்பேசியில் பார்த்ததால் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். ஒருமுறை சூடு கண்ட பூனை நான். 1 கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கும் கணக்கில் 100 ÷ 20 என்று செல்சியஸிலேயே வகுத்து, அதன் மடக்கையை எடுத்து, கெல்வினுக்கு 6700 ஜூலுக்கு மேல் கொண்டுவந்தவன். சரியான விடை 1009. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம் என்பது என் கருத்து. 21.40 இல் 0.81 என்பது நான்கு சதவீதம்கூட இல்லை. வெப்ப ஏற்புத்திறன் மதிப்புகள் அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். தசமத்தைச் சுருக்கியதில் வந்த வித்தியாசமாக இருக்கும். பனிக்கட்டியில் ஒழுங்கு அதிகம், நீரில் குறைவு, ஆகவே உறையும்போது என்ட்ரோபி குறைகிறது. குறி சரியாக வந்துவிட்டது. மேலே போங்கள்.

மின்மினி எழுதியது:

தயவுசெய்து மேலே போக வேண்டாம். அந்த 0.81 தான் இந்தக் கணக்கின் உயிர். அது பூஜ்யம் என்றால், மைனஸ் 10 டிகிரியில் நீரும் பனிக்கட்டியும் சண்டையில்லாமல் சமநிலையில் இருக்கலாம் என்று பொருள். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அப்படி இருக்கக்கூடியது 0 டிகிரியில் மட்டும். நான்கு சதவீதம் என்று நீங்கள் ஒதுக்குகிற அந்தச் சின்ன எண்ணால்தான் நீர் உறைகிறது.

கூழாங்கல், உங்கள் 5632 சரி. சூழலின் +21.40 சரி. நீரின் −21.40 மட்டும் தவறு.

வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்கும் விதியில் எல்லோரும் விழுங்கிவிடுகிற ஒரு சொல் உண்டு: மீள் பாதையில் பரிமாறப்படும் வெப்பம். மைனஸ் 10 இல் நீர் சட்டென்று உறைவது மீளாப் பாதை. அந்தப் பாதையில் வெளிவந்த வெப்பத்தை எடுத்து 263.15 ஆல் வகுத்தால் ஒரு எண் வரும். அது நீரின் என்ட்ரோபி மாற்றம் அன்று.

என்ட்ரோபி ஒரு நிலைச் சார்பு. தொடக்கமும் முடிவும் மாறாத வரை, இடையில் எப்படிப் போனாலும் மாற்றம் ஒன்றே. ஆகவே நடந்ததை மறந்துவிட்டு, அதே இரண்டு நிலைகளை இணைக்கும் மீள் பாதை ஒன்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இங்கே அது சுற்றுப்பாதைதான், ஆனால் ஒவ்வொரு அடியும் மீளக்கூடியது.

முதலில் மைனஸ் 10 நீரை மெதுவாக 0 டிகிரிக்குச் சூடாக்குங்கள்: 75.3 × இயல்மடக்கை (273.15 ÷ 263.15) = +2.81.

0 டிகிரியில் உறையவிடுங்கள். இங்கே நீரும் பனிக்கட்டியும் சமநிலையில் இருப்பதால் நேரடியாக வகுக்கலாம்: −6008 ÷ 273.15 = −22.00.

பிறகு பனிக்கட்டியை மைனஸ் 10 க்குக் குளிர்வியுங்கள்: −37.7 × அதே மடக்கை = −1.41.

கூட்டினால் நீருக்கு −20.59 (இரண்டு தசமத்தோடு கூட்டினால் −20.60 வரும்; கூடுதல் இலக்கங்களோடு போட்டால் −20.59). சூழலின் +21.40 ஐச் சேர்த்தால் +0.81.

கூழாங்கல் எழுதியது:

அக்கா, விடை வந்துவிட்டது, நன்றி. ஆனால் மனம் ஒப்பவில்லை. நீர் உண்மையில் 0 டிகிரிக்குப் போகவே இல்லை. நடக்காத ஒன்றை வைத்து நடந்ததற்கு எப்படிக் கணக்கு எழுதுவது? அப்படி எழுதலாம் என்றால், சூழலுக்கு மட்டும் ஏன் நடந்த வெப்பத்தையே எடுத்தோம்? அதற்கும் கற்பனைப் பாதை போட்டால் அதன் மாற்றம் +20.59 ஆகி, மறுபடியும் மொத்தம் பூஜ்யம்தானே?

பழையவாத்தியார் எழுதியது:

தம்பி, கடைசியில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்காகவே இந்த இழைக்குள் வந்தேன். பல ஆண்டு இந்தப் பாடம் நடத்தியவன். தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இந்த ஒரே படியில்தான்.

நீரை விட்டுவிட்டு இன்னும் எளிதான ஒன்றைப் பாருங்கள். வெப்பம் புகாத பெட்டி. நடுவில் தடுப்பு. ஒரு பாதியில் ஒரு மோல் நல்லியல்பு வாயு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காத, தள்ளாத வாயு), மறு பாதி வெற்றிடம். தடுப்பை எடுத்துவிடுகிறோம். வாயு பெட்டி முழுவதும் பரவுகிறது. வெப்பம் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. எதிர்த்துத் தள்ள ஒன்றும் இல்லாததால் வேலையும் இல்லை. அக ஆற்றல் அப்படியே, வெப்பநிலையும் அப்படியே.

உங்கள் முறைப்படி வெப்பம் பூஜ்யம், ஆகவே என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம். ஆனால் பரவிய வாயு தானாகத் திரும்பி ஒரு பாதிக்குள் அடங்குவதை யாரும் பார்த்ததில்லை. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இப்போது அதே தொடக்கத்தையும் அதே முடிவையும் வேறு வழியில் இணைப்போம். வாயுவின் மேல் பிஸ்டன் வைத்து, வெப்பநிலை மாறாமல், அணுவணுவாக விரியவிடுங்கள். பிஸ்டனைத் தள்ளும் வேலைக்கு ஈடாக வெளியிலிருந்து வெப்பம் வரும். கன அளவு இரட்டிப்பாகும்போது அந்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் 8.314 × இயல்மடக்கை 2, அதாவது 5.76. தடுப்பை எடுத்தபோது வாயுவின் என்ட்ரோபி கூடியதும் இதே 5.76 தான். இரண்டு வழியிலும் முடிவில் நிற்பது ஒரே வாயு, ஒரே வெப்பநிலை, ஒரே கன அளவு. எந்த வழியாக வந்தேன் என்பது வாயுவுக்கு நினைவில் இருக்காது.

சூழலுக்கு நினைவிருக்கும். பிஸ்டன் வழியில் சூழல் 5.76 ஐ இழந்தது, மொத்தம் பூஜ்யம். தடுப்பு வழியில் சூழலைத் தொடவே இல்லை, அதன் மாற்றம் பூஜ்யம், மொத்தம் 5.76. இரண்டு வழியிலும் சூழல் வெவ்வேறு நிலைகளில் போய் முடிகிறது. அதனால்தான் அதற்குக் கற்பனைப் பாதை போடக்கூடாது என்கிறோம். போட்டால் அதன் முடிவு நிலையையே மாற்றியவர்கள் ஆவோம்.

வகுப்பில் கரும்பலகையின் நடுவே கோடு கிழிப்பேன். இடப்பக்கம் ‘அமைப்பு: பாதை நம் விருப்பம்’. வலப்பக்கம் ‘சூழல்: நடந்தது நடந்தபடி’. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த அளவு வலப்பக்கத்துக்கு. இடப்பக்கம் ஆற்றில் என்ன போட்டீர்கள் என்று கேட்பதில்லை, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று மட்டும் கேட்கிறது.

நள்ளிரவு எழுதியது:

ஐயாவின் 5.76 க்குப் பதிலாக யாருக்காவது 2.50 வந்தால், கணிப்பானில் பத்தடிமான மடக்கையை அழுத்திவிட்டீர்கள் என்று பொருள். இதுவும் சொந்த அனுபவம்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

தசமச் சுருக்கம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகத்தை விடமாட்டேன். சூழலுக்கு ‘நடந்தது நடந்தபடி’ என்கிறீர்கள். நடந்தது மீளாச் செயல்முறை. மீளாப் பாதையின் வெப்பத்தை வகுக்கக்கூடாது என்று மின்மினி சட்டம் போட்டார். அந்தச் சட்டம் சூழலுக்கு மட்டும் ஏன் தளர்கிறது? உங்களுக்கு வேண்டிய விடை வரவேண்டும் என்பதற்காகவா?

மின்மினி எழுதியது:

நல்ல கேள்வி, சட்டம் தளரவில்லை. ‘சூழல்’ என்று கணக்கில் எழுதும்போதே அதைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறோம்: அது மிகப் பெரியது, எங்கும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது, 5632 ஜூல் வந்து சேர்ந்தாலும் அதன் வெப்பநிலை அசையாது. அப்படிப்பட்ட தொட்டிக்கு அந்த வெப்பம் மெதுவாக வந்ததா, அவசரமாக வந்ததா என்பது ஒன்றுதான். முடிவு நிலை ஒன்றே: அதே வெப்பநிலை, 5632 ஜூல் கூடுதல். தொட்டியைப் பொறுத்தவரை அந்த வெப்பமே மீள் வெப்பம். மீளாமை முழுவதும் பாத்திரத்துக்குள் நடந்தது.

தொட்டி சின்னதாக இருந்தால் கதை வேறு. அப்போது அதன் வெப்பநிலையும் ஏறும், அதற்கும் மடக்கை போட்டாக வேண்டும். 80 டிகிரியில் 1 கிலோ நீரையும் 20 டிகிரியில் 1 கிலோ நீரையும் கலந்தால் இரண்டும் 50 இல் நிற்கும். ஒன்று இழந்ததையும் மற்றது பெற்றதையும் தனித்தனியாக மடக்கையில் போட்டுக் கூட்டினால் சுமார் +36 வரும். அங்கே ‘சூழல்’ என்று யாரும் இல்லை, இரண்டு பேரும் அமைப்புகள்தான்.

கூழாங்கல் எழுதியது:

ஒற்றைச்சக்கரம் ஐயா கேட்டதால் எனக்கும் தெளிந்தது. இன்னொன்று கேட்கலாமா? வெப்பப் பரிமாற்றமில்லாத மீளா விரிவுக்கு மீள் பாதை தேடும்போது, வெப்பப் பரிமாற்றமில்லாத மீள் விரிவைத்தானே எடுக்க வேண்டும்? அப்படி எடுத்தால் என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம் என்றல்லவா வருகிறது?

பழையவாத்தியார் எழுதியது:

இது அடுத்த பள்ளம். ஒருமுறை வினாத்தாளில் நானே இதில் விழுந்தேன். விடைக்குறிப்பில் பூஜ்யம் என்று அச்சாகிவிட்டது. பின் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இரண்டு விரிவும் ஒரே இடத்தில் முடியவில்லையே” என்றாள். அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துத் தப்பித்தேன்.

அவள் சொன்னதை எண்ணில் பார்க்கலாம். ஒற்றை அணு நல்லியல்பு வாயு ஒரு மோல், 300 கெல்வின், 10 பார். வெளி அழுத்தத்தைத் திடீரென்று 1 பாருக்கு இறக்குகிறோம், வெப்பம் உள்ளே வராமல் வாயு விரிகிறது. செய்த வேலை முழுவதும் அக ஆற்றலிலிருந்துதான் போகும்: 1.5 × (300 − முடிவு வெப்பநிலை) = முடிவு வெப்பநிலை − 30. தீர்த்தால் 192 கெல்வின்.

அதே வாயு அதே 1 பாருக்கு மீள் வழியில், வெப்பப் பரிமாற்றமில்லாமல் விரிந்தால் சுமார் 119 கெல்வின் வரை குளிர்ந்துவிடும். ஒவ்வொரு கணமும் இயன்றவரை எதிர்த்துத் தள்ளுவதால் கூடுதல் வேலை செய்கிறது. ஆக, முடிவு நிலையே வேறு. 10 பார், 300 கெல்வினிலிருந்து 1 பார், 192 கெல்வினுக்குப் போக வெப்பப் பரிமாற்றமில்லாத மீள் பாதை என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

‘அதே பெயருள்ள’ மீள் பாதையைத் தேடாதீர்கள், அதே இரு முனைகளைத் தொடும் பாதையைத் தேடுங்கள். 10 பாரில் அழுத்தம் மாறாமல் 192 க்குக் குளிர்வியுங்கள்: 20.785 × இயல்மடக்கை (192 ÷ 300) = −9.276. பிறகு 192 இல் வெப்பநிலை மாறாமல் 1 பாருக்கு விரியவிடுங்கள்: 8.314 × இயல்மடக்கை 10 = +19.144. கூட்டினால் +9.868. இரண்டு அடியிலும் வெப்பம் போகிறது, வருகிறது. அதைப் பற்றிக் கவலையில்லை, அது இடப்பக்கக் கணக்கு. வலப்பக்கம் சூழலுக்கு உண்மையில் வெப்பம் போகவில்லை, பூஜ்யம்.

ஒற்றைச்சக்கரம் எழுதியது:

இவ்வளவு சுற்றுவதைவிட, என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று சொல்லிவிட்டால் போதாதா? இடம் அதிகமானால் ஒழுங்கின்மை அதிகம்.

மின்மினி எழுதியது:

ஒழுங்கின்மை என்ற சொல்லை வைத்து 5.76 ஐ வரவழைத்துக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். எத்தனை விதமாக இருக்க முடியும் என்று எண்ணினால் வரவழைக்கலாம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் முன்பு ஒரு பாதி, இப்போது இரண்டு பாதி. ஒரு மோலில் 6.022 × 10²³ மூலக்கூறு. ஆகவே வாய்ப்புகள் 2 ஐ அத்தனை முறை பெருக்கிய மடங்கு கூடின. அதன் மடக்கையை போல்ட்ஸ்மன் மாறிலியால், அதாவது 1.380649 × 10⁻²³ ஆல், பெருக்குங்கள். மறுபடியும் 5.76. வெப்பமானியே இல்லாமல் வந்த எண், வாத்தியார் ஐயாவின் பிஸ்டன் எண்ணோடு அச்சாகப் பொருந்துகிறது. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் 1865 இல் என்ட்ரோபி என்ற பெயரைச் சூட்டியபோது ஒழுங்கு, ஒழுங்கின்மை பற்றிப் பேசவில்லை. ‘மாற்றம்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை எடுத்து, எனர்ஜி என்ற சொல்லின் சாயல் வரும்படி வேண்டுமென்றே அமைத்தார்.

கூழாங்கல் எழுதியது:

ஒரு கடைசிச் சந்தேகம். ‘அணுவணுவாக’, ‘மெதுவாக’ என்று இருவரும் சொல்கிறீர்கள். எவ்வளவு மெதுவாகச் செய்தால் அது மீள் செயல்முறை ஆகும்?

மின்மினி எழுதியது:

வேகத்தைவிட வெப்பநிலை இடைவெளியைப் பாருங்கள். நள்ளிரவின் 1 கிலோ நீரையே எடுத்துக்கொள்வோம். 20 இலிருந்து 100 டிகிரிக்கு அது எப்படிச் சூடானாலும் அதன் மாற்றம் +1008.6.

ஒரேயடியாக 100 டிகிரித் தொட்டியில் வைத்தால், தொட்டி இழப்பது 896.1. மொத்தம் +112.5.

முதலில் 60 டிகிரித் தொட்டி, பிறகு 100 டிகிரித் தொட்டி என்று இரண்டாகப் பிரித்தால், தொட்டிகள் இழப்பது 950.0. மொத்தம் +58.7.

40, 60, 80, 100 என்று நான்கு தொட்டி வைத்தால் மொத்தம் சுமார் +30.

தொட்டிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் மிச்சம் ஏறக்குறைய பாதியாகிறது. எட்டு வைத்தால் 15 க்குப் பக்கத்தில் வரும், போட்டுப் பாருங்கள். பூஜ்யத்தைத் தொட எண்ணிலடங்காத் தொட்டிகள் வேண்டும். மீள் செயல்முறை என்பது அந்த எல்லைக்கு நாம் வைத்திருக்கும் பெயர், எந்தச் சமையலறையிலும் ஆய்வகத்திலும் அது நடப்பதில்லை. தாளில் மட்டும் தாராளமாக நடக்கும், நமக்கு அது போதும்.

கூழாங்கல் எழுதியது:

நேற்றிரவு உட்கார்ந்து உறையும் கணக்கையே வெவ்வேறு வெப்பநிலைக்குப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சுற்றுப்பாதை, வலப்பக்கம் நடந்த வெப்பம். மொத்தம் வந்தவை:

மைனஸ் 20 இல் +1.63
மைனஸ் 10 இல் +0.81
மைனஸ் 5 இல் +0.40
0 இல் பூஜ்யம்

எட்டுத் தொட்டிக் கணக்கையும் போட்டேன், +15.1 வந்தது.

பிறகு ஒரு விளையாட்டுக்காக +5 டிகிரியில் நீர் உறைவதாக வைத்துப் போட்டேன். நீருக்கு −22.68, சூழலுக்கு +22.28, மொத்தம் −0.40. எங்கோ குறியை மாற்றிவிட்டேன் என்று கால் மணி நேரம் தேடினேன். ஒரு பிழையும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது.

மின்மினி எழுதியது:

அதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். +5 டிகிரியில் பனிக்கட்டி உருகட்டும்.

கூழாங்கல் எழுதியது:

+0.40.